தடியை எந்தக் கையில் பிடிப்பது?

வலது இடுப்பு மூட்டில் வலியுள்ள பெரியவர் ஒருவர் கைத்தடி வாங்கி வருகிறார். அதை அவர் எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். வலிக்கிற பக்கத்துக் கையில்தான் என்று பலரும் சொல்வார்கள். சரியான விடை, எதிர்ப்பக்கத்துக் கை. வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். இதற்குக் காரணம் தேடி மருத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பள்ளியில் படித்த நெம்புகோல் ஒன்றே போதும்.

நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் சிறிது நேரம் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். 60 கிலோ எடையுள்ளவர் வலது காலில் நிற்பதாகக் கொள்வோம். ஊன்றிய காலின் எடை ஏறத்தாழ 10 கிலோ. அதை விட்டால் மீதி 50 கிலோவையும் வலது இடுப்பு மூட்டுத் தாங்க வேண்டும். (விசையை நியூட்டனில் எழுதுவதே முறை, கணக்கு எளிதாக இருக்க இங்குக் கிலோ எடையாகவே வைத்துக்கொள்வோம்.) இந்த 50 கிலோ மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுப்பக்கமாக, சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. எனவே இடுப்பெலும்பு இடப்பக்கம் சரியப் பார்க்கிறது. சரியவிடாமல் மூட்டுக்கு வெளிப்புறமுள்ள தசை பிடித்து இழுக்கிறது. அத்தசைக்கு மூட்டிலிருந்து கிடைக்கும் தூரமோ சுமார் 5 செ.மீ. மட்டுமே.

இப்போது திருப்புத்திறனைச் சமன் செய்யுங்கள். 50 × 10 = 500. தசை 5 செ.மீ. தூரத்தில் இழுப்பதால் அதன் விசை 100 கிலோவாக இருக்க வேண்டும். உடல் எடை 50, தசையின் இழுப்பு 100, இரண்டும் கீழ்நோக்கியே அழுத்துவதால் மூட்டின் மேல் விழுவது 150 கிலோ! அறுபது கிலோ மனிதரின் இடுப்பு மூட்டு ஒவ்வோர் அடியிலும் ஒன்றரை மூட்டை அரிசியைச் சுமக்கிறது எனலாம்.

இடது கையில் தடியைக் கொடுத்து, வெறும் 5 கிலோ அளவுக்கு அதை ஊன்றச் சொல்லுங்கள். அந்தக் கை வலது மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. தரை தடியை மேலே தள்ளுவதால் கிடைக்கும் திருப்புத்திறன் 5 × 40 = 200. தசை ஈடுசெய்ய வேண்டியது 500-லிருந்து 300 ஆகக் குறைகிறது. தசை விசை 60 கிலோ போதும். மூட்டின் மேல் விழும் சுமை 60 + 50 − 5 = 105 கிலோ. ஊன்றியது ஐந்து கிலோ, இறங்கியது நாற்பத்தைந்து கிலோ! செயற்கை மூட்டினுள் உணர்கருவி வைத்து அளந்தவர்கள் கண்ட குறைவு இவ்வளவு பெரிதல்ல. உயிருள்ள உடல் நம் காகிதக் கணக்கைவிடச் சிக்கலானது. ஆனால் குறைவு என்பது உறுதி.

தடி வலது கையிலேயே இருந்தால் என்ன ஆகும்? தரை அதை மேலே தள்ளும் விசை மூட்டுக்கு வெளிப்புறம் விழுகிறது. அது உடலை மேலும் இடப்பக்கமே சாய்க்கும். அதைச் சமாளிக்க அவர் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கப் பழகிவிடுவார். சாய்கிற சுவருக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுக்கிறோம்? சாய்கிற பக்கம் அல்லவா!

தடியின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. காலணியோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கை சற்றே மடங்கி, ஊன்றுவதற்கு வலுக் கிடைக்கும்.

இந்தக் கணக்கு மறுவாழ்வு அறிவியலைச் சேர்ந்தது. நோயோ விபத்தோ போன பிறகு எஞ்சியிருக்கும் வலுவைக் கொண்டு ஒருவரை மீண்டும் நடக்கவும் உண்ணவும் பேசவும் வேலைக்குப் போகவும் வைக்கும் துறை அது. இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு மற்றும் தாங்கு கருவியியல், கேட்பியலும் பேச்சு மொழி நோயியலும் எனப் பல பட்டப் படிப்புகளாக அது பிரிந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று இதைப் பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தோடு சேருகிறவர், முதலாண்டில் உயிர் இயந்திரவியல் பாடத்தைப் பார்த்ததும் திகைத்துப் போவார். “உயிரியல்தானே எடுத்தோம், நெம்புகோல் எங்களுக்கு எதற்கு, சார்?” என்று என் வகுப்பில் கேட்கும் மாணவர்கள் உண்டு. மேலே கண்டதே அவர்களுக்கு விடை.

செயற்கைக் காலை எடுத்துக்கொள்வோம். தொடைக்கு மேல் காலை இழந்தவருக்குப் பொருத்தும் காலில் முழங்கால் ஒரு கீல். அதை இழுத்துப் பிடிக்கத் தசை கிடையாது. அப்படியானால் நிற்கும்போது அது ஏன் மடங்கி விழுவதில்லை? பாதத்தின் வழியே தரை மேல்நோக்கித் தள்ளும் விசையின் கோடு கீலுக்கு முன்னால் சென்றால் முழங்கால் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். பின்னால் சென்றால் மடங்கிவிடும். ஆகவே கீலைச் சற்றே பின்தள்ளி வைக்கிறார்கள். மிகவும் பின்தள்ளினாலும் தொல்லைதான்: நிற்க உறுதியாக இருக்கும், ஆனால் அடுத்த அடிக்குக் காலை மடக்கப் பெரும்பாடு படவேண்டும். சில மில்லிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, நடக்கவிட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்துவதே அந்தத் தொழில்நுட்பரின் திறமை.

பயன்படுத்துபவர் எங்கே, எப்படி வாழ்கிறார் என்பதும் கணக்கில் சேரும். மேனாட்டுச் செயற்கைப் பாதம் பூட்ஸுக்குள் இருக்கவும், நாற்காலியில் உட்காரவும் ஏற்றது. வெறுங்காலோடு வயலில் இறங்கி, குந்தி உட்கார்ந்து, சம்மணமிட்டுச் சாப்பிடுகிற மனிதருக்கு அதனால் என்ன பயன்? 1968-ல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் இணைந்து உருவாக்கிய ரப்பர் பாதம் இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. அது எல்லாத் திசைகளிலும் ஓரளவு வளையும், தண்ணீரில் நனையலாம், செருப்பு இல்லாமலும் நடக்கலாம். நுட்பம் கண்டவர்களில் ஒருவர் பட்டம் பெற்றவர், மற்றவர் பட்டறையில் தேர்ந்தவர் என்பதை இத்துறையில் சேருகிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

இன்னும் எளிய இயற்பியல் ஒன்று: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோயால் சதை தானே அழுகி உதிர்கிறது என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். உணர்ச்சி நரம்பு செத்துப்போவதால் வலி தெரியாமல் நேரும் காயங்களே பெரும்பாலும் காரணம் என்று அவர் காட்டினார். நமக்குப் பாதத்தில் ஓரிடம் நோகத் தொடங்கினால், நாம் அறியாமலே நடையை மாற்றி அந்த இடத்தைக் காப்பாற்றுகிறோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் வைக்கிறார். புண் வந்த பிறகும் அதன் மேலேயே நடக்கிறார். 15 கிலோ விசை 5 சதுர செ.மீ. பரப்பில் விழுந்தால் சதுர செ.மீ.க்கு 3 கிலோ; மென்மையான, பாதத்துக்குப் பொருந்திய அடித்தட்டு அதையே 30 சதுர செ.மீ.க்குப் பரப்பினால் அரைக் கிலோ. நுண்துளை ரப்பர் செருப்பின் இரகசியம் இவ்வளவுதான். இன்று நீரிழிவால் பாத உணர்ச்சி இழந்தவர்களின் கால்களைக் காப்பதும் இதே வகுத்தல் கணக்குத்தான். கணக்குத் தவறினால் போவது மதிப்பெண்ணல்ல, கால்.

அதே கல்லூரியில் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954-ல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கான துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. நோயாளி, மருத்துவர் என்ற இரு பக்கங்களையும் அறிந்த ஒருவரின் கையில் இந்தத் துறை நம் மண்ணில் வளர்ந்தது நமக்குக் கிடைத்த பேறு.

சேர விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. பயிற்சிக் காலத்தையும் சேர்த்துப் படிப்புக்கேற்ப நான்கிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆகும். செயற்கை உறுப்பியல், பேச்சு மொழி நோயியல் போன்றவற்றுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்பு வேண்டும். இயன்முறை மருத்துவமும் தொழில்வழிச் சிகிச்சையும் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டத்தில் அடங்கும். ஏற்பில்லாத இடத்தில் படித்துவிட்டுப் பதிவு கிடைக்காமல் அலைவதைவிடப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடலாம். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, எத்தனையாவது ஆண்டிலிருந்து மாணவர் நோயாளியைத் தொட்டுப் பயில்கிறார்? செயற்கை உறுப்புப் படிப்பென்றால், பட்டறையை நேரில் காட்டச் சொல்லுங்கள். தரையில் பிளாஸ்டர் தூள் சிந்திக் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள்.