நோம்பிச் செலவும் மருந்துச் செலவும்

தீபாவளி கழிந்த மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எங்கள் புறநோயாளர் பிரிவில் கூட்டம் மிகுதியாக இருக்கும். பட்டாசுக் காயத்தோடு வருவோர் சிலர். பலகாரத்தால் வயிறு கெட்டு வருவோர் சிலர். இவர்களைவிட எங்களுக்குக் கவலை தருவோர் வேறு ஒரு வகையினர். தலைசுற்றல் என்று வந்து அமர்வார்கள். இரத்த அழுத்தம் பார்த்தால் 190, 200 என்று இருக்கும். மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் சற்றுத் தயங்கி, "தீந்து பத்து நாளாச்சுங்க, நோம்பி போவட்டும்னு இருந்துட்டேன்" என்பார்கள்.

சென்ற ஆண்டு அவ்வாறு வந்தவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயாரும் இருந்தார். அரளித் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கும் கூலி வேலை. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. இளைய மகளுக்குத் தலைத் தீபாவளி. மருமகனுக்கு வேட்டி சட்டை, மகளுக்குச் சேலை, வீட்டுக்கு விருந்து என்று செலவு நெருக்கியபோது, தம் மாத்திரைகளைப் பாதியாக உடைத்து மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். கடைசி வாரம் அதுவும் இல்லை. விருந்து முடிந்து மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை வலக்கை மரத்துப்போய், வாய் கோணி, அண்டை வீட்டார் அழைத்து வந்தார்கள். பக்கவாதம் சிறிய அளவில் நின்றது அவருடைய நல்லூழ். பேச்சு திரும்பிற்று, நடக்கிறார். மொட்டுக் கிள்ளும் விரல்களுக்கு மட்டும் பழைய வேகம் வரவில்லை. கூலி பறித்த எடையைப் பொறுத்தது என்பதால், அவருடைய வருவாயில் அந்தக் குறை நேரே தெரிகிறது. மாத்திரையில் மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு என்று பின்னர் அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: முந்நூறு ரூபாய்க்கும் குறைவு.

இவரை ஊதாரி என்று எவரும் சொல்ல இயலாது. சிக்கனமாக வாழத் தெரியாதவர் என்றும் சொல்ல இயலாது. வீட்டில் எதைக் குறைத்தாலும் பிறர் கண்ணுக்குத் தெரியும்; மாத்திரையைக் குறைத்தால் எவருக்கும் தெரியாது. அதனால்தான் நம் தாய்மார்கள் முதலில் அங்கே கைவைக்கிறார்கள் என்று நாங்கள் கருதுகிறோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

பனமரத்துப்பட்டி வட்டாரத்தின் பணவரவுக்குத் தனியானதொரு போக்கு உண்டு. இங்கே அரளியும் சம்பங்கியும் குண்டுமல்லியும் விளைகின்றன. மூட்டைகள் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போகின்றன. ஆயுதபூஜைக்கு முன்னும், மாலை அணிவோர் பெருகும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் விலை ஏறும். விசேட நாள் கழிந்த மறுநாளே சரியும். ஆகவே மாதச் சம்பளக்காரர் வீட்டைப்போல இங்கே பணம் சீராக வருவதில்லை. பண்டிகையை ஒட்டி மொத்தமாக வருகிறது. அதே பண்டிகையிலேயே மொத்தமாகப் போய்விடுகிறது. நோயாளர் இருக்கும் வீட்டில் இது பெரிய இக்கட்டு. பூவுக்கு ஏறுமுகமும் இறங்குமுகமும் உண்டு. சர்க்கரை நோய்க்கு விடுமுறை இல்லை.

எனவே நாங்கள் சொல்லும் முதல் யோசனை எளியது. பூப்பணமோ, போனஸோ, ஆடு விற்ற பணமோ கைக்கு வந்த அன்றே, துணிக்கடைக்குப் போகும் முன், மருந்தை வாங்கிவிடுங்கள். அந்த மாதத்துக்கு மட்டுமன்று. மேலும் பத்து நாள்களுக்குச் சேர்த்து. பண்டிகை விடுமுறையில் மருந்தகங்கள் பலவும் அடைத்திருக்கும், உறவினர் வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேரும். திடீரென நிறுத்தக் கூடாத மருந்துகள் சில உண்டு. அட்டெனலால் போன்ற இதய மருந்துகள், வலிப்பு மருந்துகள், இன்சுலின், காசநோய் மருந்துகள் ஆகியவை அவற்றுள் சில. காசநோய்க்கு இடையில் மருந்தை விட்டால், பிறகு அதே மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமற் போகக்கூடும்.

மருந்துக்குக் கைப்பணமே தேவையில்லாத வழிகளும் உள்ளன. இவற்றை அறியாமல் கடையில் வாங்குவோர் எங்களிடம் வருவோரில் பலர். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வரிசையில் நிற்க இயலாதோருக்கு அவை வீட்டுக்கே வருகின்றன. மேற்சொன்ன தாயாருக்கு இது தெரியாமலில்லை. சுகாதார நிலையம் திறக்கும் வேளையும் மொட்டுப் பறிக்கும் வேளையும் ஒன்றாக இருந்ததே அவர் போகாமைக்குக் காரணம். வீடு தேடி வரும் பணியாளரிடம் பெயர் பதிந்துகொள்ளலாம் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்களும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றால், மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 முதல் செயற்படும் முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. அங்கே மருந்தின் மூலப்பெயரில் விற்கும் மாத்திரைகள் விலை குறைந்தவை. அட்டையின் நிறமும் பெயரும் மாறியிருந்தால் அஞ்ச வேண்டாம். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருமுறை காட்டித் தெளிந்துகொள்ளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் வீட்டாருக்குத் தனியே ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டயாலிசிசும் அதில் அடங்கும். ஆனால் பேருந்துக் கட்டணமும் உடன் வருபவரின் ஒருநாள் கூலியும் அந்தக் காப்பீட்டில் இல்லை. பண்டிகை வாரத்தில் 'ஒரு முறை போகாவிட்டால் என்ன' என்ற எண்ணம் எழுவது இங்கேதான். அதே வாரத்தில் இளநீர், வாழைப்பழம், தேங்காய், முந்திரி எல்லாம் வீட்டில் புழங்கும். அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பே நிலைகுலையலாம். உறவினர் வரும் நாளை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நாளை மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே பிரிவில் பேசி வேறு நாள் பெறுங்கள்.

இனிக் கடனைப் பற்றி. தீபாவளிக்கு முன் தண்டல்காரர் வீடு தேடி வருவார். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய் என்று பெயர். கையில் தருவது 8,500. வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். கையில் வாங்காத 1,500 ரூபாய்க்கும் சேர்த்துத் தைப்பொங்கல் வரை உழைக்க வேண்டியிருக்கும். நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு மாதம் 500, ஓராண்டில் 6,000, முதல் அப்படியே நிற்கும். மிகைவட்டியைத் தடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே உண்டு. ஆயினும் கடன் வாங்கிய பின் சட்டத்தைத் தேடுவதைக் காட்டிலும், துணி எண்ணிக்கையில் இரண்டைக் குறைப்பது எளிது.

தீபாவளிச் சீட்டு பிடிப்போரும் பலர். தெருவில் அறிந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் பலகாரச் சீட்டு வேறு; மாதம் சிறு தொகை கட்டினால் ஆண்டு முடிவில் தங்கக் காசும் வெள்ளிக் குத்துவிளக்கும் மளிகை மூட்டையும் தருவதாகத் துண்டறிக்கை அடித்துப் பணம் திரட்டும் நிறுவனம் வேறு. கட்டும் தொகையின் மதிப்பைவிட மிகப் பெரிய பொருளைத் தருவதாகச் சொன்னால், அது எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். சீட்டு நிதிச் சட்டம் 1982இன் கீழ்ப் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். ஏமாந்தோருக்காக 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நாடு முழுதும் தடை செய்யும் சட்டம் 2019இல் வந்தது. வழக்குத் தொடுத்துப் பணம் திரும்பும்வரை மருந்து வாங்கக் காத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல். நமக்கு அண்டை மாவட்டமான தருமபுரியில் 1989இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்றும் ஊர்தோறும் உள்ளன. குழுச் சேமிப்பில் ஒரு பகுதியை 'மருத்துவ அவசரம்' என்று ஒதுக்கிவைக்கும்படி உங்கள் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

துணிக்கு 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. மளிகையை நான்கு வீட்டார் சேர்ந்து செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில், விலை ஏறும் கடைசி வாரத்துக்கு முன்பே வாங்கலாம். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது மட்டும் சிக்கனத்தில் சேராது. பட்டாசைப் பற்றி மிகுதியாக எழுத விரும்பவில்லை. இளைப்பு நோயாளர் உள்ள வீட்டு வாசலில் வெடிக்காமல் இருந்தாலே போதும்.

பண்டிகை என்றால் செலவு என்ற எண்ணம் நம் வட்டாரத்துக்குப் பழையது அன்று. ஆடி முதல் நாளை எண்ணிப் பாருங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் அன்று தேங்காய் சுடுகிறோம். நார் உரித்த தேங்காயைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, நீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் என்று இருப்பதை உள்ளே இட்டு, கூர் சீவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தீயில் வாட்டுவோம். ஓடு கருகி வெடிக்கும் ஓசைக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்பது இதற்குப் பெரியோர் சொல்லும் கதை. ஒரு தேங்காய், ஒரு பிடி வெல்லம், தெருவே கூடும் மாலைப்பொழுது. இதற்காக எவரும் தண்டல் வாங்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. நோயாளரும் குச்சியைப் பிடித்துக்கொண்டு தீயருகே அமரலாம். சர்க்கரை உள்ளவர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டால் குற்றமில்லை.

பொங்கலும் அவ்வாறே. காப்புக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வரப்போரத்தில் விலையின்றிக் கிடைப்பவை. பச்சரிசியும் சர்க்கரையும் கரும்பும் நியாயவிலைக் கடை வழியே பொங்கல் தொகுப்பாக வருகின்றன. 1983இல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டமும் தொடர்கிறது. வெல்லம் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருக்கும் வெல்லத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். அந்த நிறம் பெரும்பாலும் வெளுக்கும் வேதிப்பொருளாலும் கலந்த வெள்ளைச் சர்க்கரையாலும் வருவது. மங்கிய பழுப்பு வெல்லமே நல்லது, விலையும் குறைவு. இன்னொன்று: சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சாப்பிடலாம் என்று நீரிழிவு நோயாளர் பலர் நம்புகிறார்கள். குருதியில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

காசநோய்ச் சிகிச்சையில் இருப்போருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அது வங்கிக் கணக்கில் விழும் மாதம் பண்டிகை மாதமாக இருந்தால் துணிக்கடைக்குப் போய்விடுகிறது. அதை முட்டைக்கும் பருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. புரட்டாசியில் அசைவம் தவிர்ப்போர் பெருகுவதால் பெரும்பாலும் முட்டை விலையும் தணியும். நோன்பு இருக்கும் வீட்டாரும் நோயாளருக்கு மட்டும் தனியே அவித்துக் கொடுக்கலாம்.

வீட்டில் இவற்றைப் பேசுவது கடினம் என்பதை அறிவோம். தலைத் தீபாவளிக்கு வரும் மருமகனிடம் எந்த மாமியாரும் மாத்திரைக் கணக்கைச் சொல்லமாட்டார். ஆனால் மகளிடம் சொல்லலாம். மேற்சொன்ன தாயாரின் மகள் மருத்துவமனைக் கட்டிலருகே அழுதது சேலையைப் பற்றியன்று. தமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதைப் பற்றி. பண்டிகைக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள், வந்த அன்றே பெற்றோரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். உடைத்த பாதி மாத்திரைகள் கிடந்தால் காரணம் கேளுங்கள், கடிந்துகொள்ள வேண்டாம்.

அந்தத் தாயார் இவ்வாண்டு ஆயுதபூஜை முடிந்த மறுநாளே எங்களிடம் வந்தார். பூப்பணம் முடிச்சில் இருந்தது. இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கையில் ஒன்றரை மாதத்துக்கு இருப்பதை எண்ணிக் காட்டினார். இரத்த அழுத்தம் 138க்கு 84. வந்த காரணம் வேறு: இந்தத் தீபாவளிக்கு ஓர் அதிரசம் சாப்பிடலாமா என்று கேட்க வந்திருந்தார். பாதி என்றோம். "முழுசா ஒண்ணு கேட்டா பாதி கெடைக்கும்னு தெரியும் சாமி" என்று சிரித்துவிட்டு, இடக்கையால் முடிச்சைச் செருகிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.