ரயில் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கப் போகத்தான் வண்டி இல்லை

சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தின் முன்னால் காலை ஆறரை மணிக்கு ஒரு நாள் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பின்னால் உட்கார்ந்து வந்த பெண் தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவார். கொண்டுவந்து விட்ட அப்பாவோ அண்ணனோ உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு தம் வேலைக்குக் கிளம்புவார். பேருந்திலிருந்து இறங்கி ரயிலுக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பொதுப் போக்குவரத்து என்றதும் நமக்கு ரயிலும் பேருந்தும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தோட்டத்தில் இருப்பவருக்குக் கடினமான பகுதி அந்த ரயில் பயணம் அல்ல. வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரைக்குமான முதல் நாலைந்து மைல்தான். அந்தத் தூரத்துக்கு ஏன் வண்டி இல்லை?

இருப்பது என்ன?

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் மின்மயமாக்கப்பட்ட பிறகு, 2015 ஜூலையில் பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே கொமுட்டர் ஓடத் தொடங்கியது. சுங்கைப் பட்டாணியில் ஏறினால் தாசேக் குளுகோர், புக்கிட் மெர்த்தாஜாம், புக்கிட் தெங்கா வழியாக பட்டர்வொர்த் போய்ச் சேரலாம். அங்கே 2018-இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல் பேருந்து முனையமும், ஜார்ஜ்டவுனுக்குப் போகும் பெர்ரித் துறையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மூத்த குடிமக்களுக்குக் கொமுட்டரில் பாதிக் கட்டணம்தான். கார் இல்லாத ஒருவர் நெரிசலில் சிக்காமல் பினாங்கு போய்வர இது நல்ல வழி.

ஆனால், சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே கொமுட்டரின் அடுத்த நிறுத்தம் குருண்தான். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பீடோங்கில் அது நிற்பதில்லை. கூலிம், கோல கெட்டில், பாலிங் பக்கம் ரயிலே கிடையாது. நம் மக்கள் அதிகம் வாழ்ந்த தோட்டங்கள் பல இந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன.

தோட்டச் சாலை யாருடையது?

கெடாவுக்கு ரயில் புதிதல்ல. 1915-இல் அலோர் ஸ்டார் வரைக்கும், 1918-இல் சயாம் எல்லையான பாடாங் பெசார் வரைக்கும் பாதை போடப்பட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் அதுதான். அன்றைய தோட்டத்தில் பள்ளி, கோயில், மருந்தகம், மளிகைக் கடை எல்லாம் உள்ளேயே இருந்தன. வேலையும் வாசலிலேயே இருந்தது. பட்டணத்துக்குப் போவது சம்பளம் போட்ட பிறகு சாமான் வாங்கவும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும்தான். தொழிலாளர் தினமும் வெளியே போய்வருவார் என்று யாரும் எண்ணி அந்தச் சாலைகளைப் போடவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின. பலர் பட்டணத்தின் ஓரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களிலும் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். வேலை, இடைநிலைப்பள்ளி, கிளினிக் மூன்றும் இப்போது வெளியே இருக்கின்றன.

மாறாதது ஒன்றுண்டு. தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை இன்னமும் நிறுவனத்தின் சொத்து. பேருந்துக்குக் கிடைக்கும் பெர்மிட்டோ பொதுச் சாலைக்கானது. ஆகவே பேருந்து இருந்தாலும் அது சிம்பாங்கில்தான் நிற்கும். அங்கிருந்து லயன் வீடுகளுக்கு இரண்டு மூன்று மைல், இருபுறமும் செம்பனை, விளக்குக் கிடையாது. விடியுமுன் பெண் பிள்ளை தனியாக நடக்கக்கூடிய வழி அல்ல அது.

பேருந்து ஏன் குறைந்தது?

நம் சிறு பட்டணங்களில் ஓடிய பேருந்துகள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுடையவை. டிரைவர் சம்பளம், டீசல், டயர் எல்லாவற்றையும் பயணி கொடுக்கும் கட்டணத்திலிருந்தே எடுக்க வேண்டும். தவணையில் மோட்டார் சைக்கிள் கிடைத்து, உதவித்தொகை விலையில் பெட்ரோலும் கிடைத்ததும், இளைஞர்கள்தாம் முதலில் பேருந்தை விட்டார்கள். மிஞ்சியவர்கள் முதியவர்களும் மாணவர்களும். வசூல் குறைந்ததும் நிறுவனம் நடைகளைக் குறைத்தது. அரை மணிக்கு ஒன்று வந்த வண்டி இரண்டு மணிக்கு ஒன்று என்றானால் அதை நம்பி வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் தாமதமானால் வருகைப்படி போய்விடும். எனவே, வேறு வழி இருந்தவர்களும் விலகினார்கள். வசூல் மேலும் குறைந்தது. இப்படிப் படிப்படியாகத்தான் பல வழித்தடங்கள் தேய்ந்தன.

இங்கே ஒரு கேள்வி எழும். அதே சிம்பாங்கில் காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது? 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும், பிறைக்கும், பினாங்குத் தீவுக்கும் நம் பெண்களை ஏற்றிச் செல்வது அந்தப் பேருந்துதான். காரணம் எளிது. பேருந்து நிறைந்தாலும் காலியாக ஓடினாலும் தொழிற்சாலை அந்த நடைக்குப் பணம் கொடுக்கிறது. ஓட்டுபவர் தலை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், கிளினிக்குக்குப் போக அதே இடத்தில் நிற்கும் பாட்டி அதில் ஏற முடியாது. “தம்பி, டவுன் பக்கமா போற?” என்று தெரிந்த முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் அவர் போக வேண்டும்.

விலை கொடுப்பது யார்?

முதலில் வயதானவர்கள். நீரிழிவு மருந்துக்கும் கண் பரிசோதனைக்கும் தேதி இருக்கும்; கொண்டு போக ஆள் இருக்காது. மகன் ஒரு நாள் விடுப்பு எடுத்தால்தான் அம்மாவின் பரிசோதனை நடக்கும். கிராப் கூப்பிடலாம், ஆனால் தோட்டத்துக்குள் வர ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். போகவர ஆகும் செலவு அவ்வப்போது தாங்கும், மாதா மாதம் தாங்காது.

அடுத்து, படிக்கும் பிள்ளைகள். இடம் கிடைத்தும் போய்வர வழியில்லாததால், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலையோடு நின்றுவிடும் பெண்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மூன்றாவது, உயிர். இந்த நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் வரும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். பேருந்து இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் வசதிக்காக வாங்கும் பொருளல்ல, கட்டாயம்.

வழி இருக்கிறதா?

தொழிற்சாலை செய்வதை அரசாங்கமும் செய்யலாம். சில இடங்களில் செய்தும் இருக்கிறது. 2015 தொடங்கி சிரம்பான், ஈப்போ, கோல திரங்கானு, நம் பக்கத்து மாநிலத்தின் கங்கார் ஆகிய பட்டணங்களில் பேருந்து நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் ஒப்பந்த முறை வந்தது. வண்டி நேரத்துக்கு ஓட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர் 50 வெள்ளி மாதப் பாஸ் எடுத்து ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறுகிறார். அங்கே, செயலியில் அழைத்தால் வரும் சிறு வேன் சேவையும் உண்டு.

தோட்டத்துக்குப் பெரிய பேருந்து தேவையில்லை. ரயில் நேரத்தை ஒட்டி காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை, கிளினிக் நாளில் கூடுதலாக ஒன்று என்று ஒரு வேன் கோயில் வாசல் வரை வந்தால் போதும். பள்ளி வேன் உள்ளே வருகிறதே, இதுவும் வரலாம்.

யாரிடம் கேட்பது?

நம் மனுக்கள் பல திரும்பி வருவதற்குக் காரணம், மூன்று பேரிடம் கேட்க வேண்டியதை ஒருவரிடம் கேட்பதுதான். பேருந்து பெர்மிட்டும் வழித்தடமும் போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டின் பொறுப்பு. சிம்பாங்கில் நிழற்குடைக்கும் விளக்குக்கும் நகராண்மைக் கழகத்தை அணுக வேண்டும். தோட்டச் சாலையில் வேன் நுழைய அனுமதி தர வேண்டியது தோட்ட நிர்வாகம்.

மனுவில் “எங்களுக்குப் பேருந்து வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். எத்தனை வீடுகள், எத்தனை பேர் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நாளில் என்று கணக்கோடு எழுதினால், அதை மறுக்கும் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்த கோயில் கூட்டத்திலோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டால், அரை மணி நேரத்தில் அந்தக் கணக்கு கைக்கு வந்துவிடும்.