மூன்று பிள்ளைகள், ஒரு சன்னல்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் முடித்து மதீனாவுக்குத் திரும்பும் போதெல்லாம் குடும்பத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவர்களை எதிர்கொள்ளச் செய்வது அக்காலத்து வழக்கம். அவ்வாறு ஒரு நாள் முதலில் கொண்டுபோய் விடப்பட்டவர் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி). நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் பேரர். அந்நாளில் சிறு பிள்ளை. அவரைத் தூக்கித் தம் வாகனத்தின் முன்புறம் அமர்த்திக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து ஃபாத்திமா (ரலி) அவர்களின் இரு மைந்தரில் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரைப் பின்புறம் ஏற்றிக்கொண்டார்கள். இப்படியே ஒரு வாகனத்தில் மூவராய் ஊருக்குள் நுழைந்ததை அப்துல்லாஹ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதனைப் படிப்போர் பெரும்பாலும் நபிகளாரின் பிள்ளைப் பாசத்தை எண்ணி மகிழ்ந்து அப்பால் சென்றுவிடுவர். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. பின்னால் வந்தவர் சொந்த மகளின் மகன். கண்ணின் மணி போன்றவர். அவருக்காக முன்னால் வந்த பிள்ளை இறக்கி விடப்படவில்லை. பின்புறம் மாற்றி அமர்த்தப்படவும் இல்லை. முதலில் வந்தவருக்கு முன்னிடம், அடுத்து வந்தவருக்குப் பின்னிடம். பாசம் இருவர்மேலும் பொழிந்தது. வரிசை மட்டும் கலையவில்லை.

பிள்ளைகளுக்கிடையே நீதி என்றதும் நம் மக்கள் வீட்டையும் வயலையும் பாகம் பிரிக்கும் நாளைத்தான் எண்ணுகின்றனர். அது தந்தை கண்மூடிய பின் வரும் கணக்கு. அதனை அல்லாஹ் தன் திருமறையில் பங்கு பங்காக வகுத்துக் கொடுத்துவிட்டான். தந்தை கண் திறந்திருக்கும்போது செய்ய வேண்டிய நீதியோ அன்றாடம் சோற்றுத் தட்டிலும், செருப்புக் கடையிலும், இரயில் வண்டியின் சன்னலோரத்திலும் காத்திருக்கிறது.

சன்னலோரம் என்றது உவமைக்காக அன்று. 2025-ஆம் ஆண்டு மே மாதம் என் தங்கை மகன் குடும்பத்தாருடன் மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர் வளைகுடா நாட்டில் பணிபுரிபவர். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். ஆண் மக்கள் மூவர்: மூத்தவனுக்குப் பதினொன்று, நடுவிலவனுக்கு எட்டு, இளையவனுக்கு ஐந்து. அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட பாம்பன் புதிய பாலத்தைக் காண்பதே பிள்ளைகளின் ஆவல். 1914-இல் கட்டப்பட்ட பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளை விரிப்பது போலத் திறக்கும். புதிய பாலத்திலோ 72 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே மேலே எழும் என்று மூத்தவன் முதல் நாளே எங்கள் எல்லார்க்கும் பாடம் நடத்தியிருந்தான்.

காலை வண்டியில் கூட்டம். எங்களுக்குக் கிட்டியது ஒரே ஒரு சன்னலோரம். தந்தை ஏறியவுடன் இளையவனைத் தூக்கி அங்கே வைத்தார். மூத்தவன் வாதாடினான். "நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு" என்றார். நடுவிலவன் ஒன்றும் பேசவில்லை. வாதாடுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை எழுவதில்லை. கேட்டுப் பயனில்லை என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டிவிட்ட பிள்ளைதான் என்னைக் கலங்க வைத்தான்.

அந்தத் தந்தையைக் குறை கூறுவது எளிது. ஆயின் அவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளையவன் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. பதினான்கு மாதம் கழித்தே அவன் முகம் பார்த்தார். இழந்த நாட்களுக்கெல்லாம் ஈடு செய்கிறேன் என்று அந்த உள்ளம் தவிக்கிறது. ஈடு யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அவர்களின் தந்தை அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கினார். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), நபிகளாரைச் சாட்சியாக்கினாலன்றி இதற்கு இசையேன் என்று கூறிவிட்டார். தந்தை நபிகளாரிடம் சென்றார். உம் மக்கள் எல்லார்க்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அவர்கள் வினவ, இல்லை என்றார் தந்தை. அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளுக்கிடையே நீதியாக நடக்குமாறு கூறிய நபிகளார், சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். கொடுத்த பொருள் திரும்பப் பெறப்பட்டது. மற்றோர் அறிவிப்பின்படி, அவர்கள் அனைவரும் உமக்குச் சமமாக நன்மை செய்வதை நீர் விரும்பமாட்டீரா என்றும் கேட்டிருக்கிறார்கள். பெற்ற பயனை இழந்த பிள்ளையே இந்நிகழ்ச்சியை வாழ்நாளெல்லாம் எடுத்துச் சொல்லி வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இச்சமநிலை கட்டாயமானது என்பது ஹன்பலீ மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ இமாம்களோ இதனை வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்றும், மீறுதல் மக்ரூஹ் என்றும் கூறுவர். முற்காலத்து நல்லோர் பிள்ளைகளை முத்தமிடுவதில்கூடச் சமம் பேணுவதை விரும்பினர் என இப்ராஹீம் நகஈ (ரஹ்) தெரிவித்துள்ளார்கள். உள்ளத்தின் சாய்வு மனிதன் கைக்குள் அடங்குவதன்று. அதற்காக எவரும் பிடிக்கப்படுவதில்லை. கையால் கொடுப்பதும் வாயால் சொல்வதும் நம் வசத்தில் உள்ளவை.

யஃகூப் நபி (அலை) அவர்களின் இல்லத்தில் நடந்ததும் இதுதான். அவர்கள் அநீதி இழைத்தார்கள் என்று எவரும் எண்ணலாகாது. நபிமார்கள் அதனின்றும் தூயவர்கள். எனினும் யூஸுஃபும் அவர் தம்பியுமே தந்தைக்கு அதிகப் பிரியமானவர்கள் என்ற எண்ணம் பிள்ளைகளின் நெஞ்சில் புகுந்துவிட்டது. அதன் பின் அவர்கள் தந்தையிடம் கேட்டது என்ன? ஒரு நாள் உல்லாசப் பயணம்! நாளைக்கு யூஸுஃபை எங்களுடன் அனுப்புங்கள், அவர் உண்டு விளையாடி மகிழட்டும் என்றனர். நீங்கள் கவனமின்றி இருக்கையில் ஓநாய் தின்றுவிடுமோ என அஞ்சினார் தந்தை. மாலையில் அழுதுகொண்டு திரும்பியவர்கள் அதே ஓநாயைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மனத்தில் மூண்ட கசப்பு வெளிப்படுவதற்குப் பயணமே வாய்ப்பாயிற்று. வீட்டில் ஆளுக்கொரு மூலை உண்டு. பயணத்தில் எல்லாரும் ஒரே பலகையில் அமர வேண்டியிருக்கிறது அல்லவா?

எங்கள் பலகைக்கு வருவோம். பயணத்தில் மனைவியருள் எவரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்குவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். உரிமையில் சமமானவர்கள், பொருளோ ஒன்று என்னும்போது இதுவே மார்க்கம் காட்டும் வழி. அதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மானாமதுரை வரை ஒருவன், அங்கிருந்து இராமநாதபுரம் வரை ஒருவன், பின்னர் இராமேசுவரம் வரை ஒருவன் என்று பங்கிட்டோம். பங்கு மூன்றுதான், ஆனால் கடல் வருவது கடைசிப் பங்கில் மட்டுமே! ஆகவேதான் சீட்டு. மூன்று துண்டுக் காகிதங்களில் ஊர்ப் பெயர்களை எழுதி அவர்கள் தாயார் கைப்பையிலிட்டுக் குலுக்கினோம். நடுவிலவனுக்கு முதற்பங்கு, இளையவனுக்கு இரண்டாவது, மூத்தவனுக்குக் கடல்.

இராமநாதபுரத்தில் இடம் மாறியதும் இளையவன் அழத் தொடங்கினான். தந்தையின் வாயில் "நீ பெரியவன்தானே" என்ற சொல் மீண்டும் வந்து நின்றது. பேச வேண்டாம் என்று நான் சைகை காட்டினேன். மண்டபம் தாண்டி, வண்டி வேகம் குறைந்து, கீழே நீர் தெரியத் தொடங்கியதும் மூத்தவன் தானாகவே தம்பியை இழுத்து மடியில் அமர்த்திக்கொண்டான். நடுவிலவன் அவன் தோளில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தான். பாலம் இரண்டு கிலோ மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம். பாதி வரை பொறுத்தவன், "போதும், கால் மரத்துப் போச்சு" என்று தம்பியை இறக்கி விட்டதையும் சொல்லிவிட வேண்டும்.

திருமறை ஒரே வசனத்தில் அத்ல் என்னும் நீதியையும் இஹ்ஸான் என்னும் நன்மையையும் அடுத்தடுத்துக் கட்டளையிடுகிறது. நீதியை முதலில் வைக்கிறது. விட்டுக்கொடுத்தல் இஹ்ஸானைச் சேர்ந்தது. தன் உரிமை தன்னுடையதே என்று உறுதியான பிறகுதான் ஒருவன் அதனை விட்டுக்கொடுக்க முடியும். தந்தை பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, அதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயரிடுவது முறையாகாது. மூத்த பிள்ளைகளிடம் நம் வீடுகளில் நாள்தோறும் வசூலிக்கப்படும் இந்த வரியைப் பற்றி மிம்பர்களில் பேசுவோர் குறைவு.

மூவர் என்னும் எண்ணுக்கு நம் மார்க்கத்தில் தனிச் சட்டங்கள் சில உண்டு. மூவர் பயணம் புறப்பட்டால் தமக்குள் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. அன்று நடுவிலவனை அமீராக்கினோம். தண்ணீர்ப் போத்தல்களையும் செருப்புகளையும் எண்ணும் பொறுப்பு அவனுடையது. அண்ணனும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அதுவரை வாய் திறவாதவன் அதன் பின் எங்கள் ஒருவரையும் நிம்மதியாக உட்கார விடவில்லை! மூவர் இருக்கையில் மூன்றாமவரை ஒதுக்கி இருவர் இரகசியம் பேசலாகாது, அது அவரை வருத்தும் என்பது மற்றொரு போதனை. இக்காலத்தில் இரகசியம் பேசக்கூடத் தேவையில்லை. ஒரு கைப்பேசியில் இரு தலைகள் குனிந்தாலே போதும், மூன்றாவது பிள்ளை தனித்துப் போகிறான்.

இராமேசுவரத்தில் பள்ளிவாசலைத் தேடிச் சென்று லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதோம். 48 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோ மீட்டர் தொலைவு செல்லும் பயணிக்கு நான்கு ரக்அத் இரண்டாகும். மதுரையிலிருந்து அதைப்போல் இரு மடங்கு வந்திருந்தோம். ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள் என்ற கட்டளைப்படி நடுவிலவனும் வரிசையில் நின்றான். பிறகு வந்து, "அப்படியானால் மஃரிபு ஒன்றரை ரக்அத்தா?" என்று வினவினான். மஃரிபு எங்கும் மூன்றுதான், சுருங்குவதில்லை என்றேன். மதரஸாவில் பெரிய மாணவர்களுக்கு ஒரு நாள் முழுதும் நடத்தும் பாடத்தை அவன் செருப்பு மாட்டுவதற்குள் கற்றுக்கொண்டான்.

தனுஷ்கோடியில் அதிக நேரம் நிற்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் பயணிகளோடு இரயில் வண்டியையும் கொண்டுபோன இடம் அது. இடிந்த சுவர்களைப் பார்த்ததும் பிள்ளைகள் மூவரும் தந்தையின் அருகே ஒட்டிக்கொண்டனர். கைகள் இரண்டு, பிள்ளைகள் மூவர். மூத்தவன் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

நாற்பது நாள் விடுப்பில் ஒரு நாள் இப்படிக் கழிந்தது. இதனால் என்ன பெரிய பயன் என்று கேட்போர் ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) அவர்களை நினைவுகூர்தல் நலம். தபூக் பயணத்திலிருந்து திரும்பிய நபிகளாரை எதிர்கொள்ள மற்றப் பிள்ளைகளுடன் ஸனிய்யத்துல் வதா வரை சென்றதையும், ஏழு வயதில் நபிகளாருடன் ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லப்பட்டதையும் அவர்கள் பெரியவரான பின்னும் மறவாமல் அறிவித்தார்கள். புகாரீயில் அவை இடம்பெற்றிருக்கின்றன. பிள்ளை எதை மறக்கும், எதை மறவாது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை.

விடுப்பு முடியும் தறுவாயில் தங்கை மகன் என்னிடம் ஒரு ஐயம் கேட்க வந்தார். மூத்தவன் ஆறாம் வகுப்புக்குத் தொலைவிலுள்ள பள்ளியில் சேர்கிறான். அவனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம் என்றேன். கல்வி, நோய், போக்குவரத்து போன்ற தேவைகளுக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகச் செலவிடுவது அன்பளிப்பில் ஏற்றத்தாழ்வு செய்வதாகாது. மூவருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பாருண்டோ? ஆயின் காரணத்தை மற்ற இருவரிடமும் நீரே வாயால் சொல்லிவிடும் என்றேன். சொன்னாராம். நடுவிலவன் தனக்கு ஆறாம் வகுப்பு எந்த ஆண்டு வரும் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு ஒப்புக்கொண்டான். இளையவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேள்வி.