நாய் இரைப்பதில் ஒரு கணக்கு

சித்திரை வெயிலில் மாமல்லபுரம் மீனவர் குப்பத்துப் படகு நிழலில் படுத்திருக்கும் நாய், நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை தப்பிவிடும். நிமிடத்துக்கு 300 மூச்சைக்கூடத் தாண்டும் வேகம் அது. அதே நாய் விடியற்காலைத் தூக்கத்தில் விடுவது 10 முதல் 30 மூச்சுதான்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடியில் மட்டும். அதனால் நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் உடல் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் நெஞ்சை இவ்வளவு வேகமாக ஆட்டுவதும் உழைப்புத்தானே, அதில் சூடு பிறக்காதா? 1962-இல் அமெரிக்க ஆய்வாளர் யூஜின் கிராஃபோர்டு இதற்கு விடை கண்டார். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஒத்துத் தள்ளினால் விரல் உந்தலே போதும். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான அதிர்வு உண்டு: நிமிடத்துக்கு ஏறத்தாழ 320. நாய் இரைப்பதும் அதே வேகத்தில்தான்! தசைக்கு வேலை குறைவு, சூடும் குறைவு.

கடற்கரைப் புழுக்கத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு அது காய்ச்சல். நாய்க்கு 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறியபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மூச்சைப் போல நாடியையும் எண்ணலாம்; அதற்குப் பின்னந்தொடையின் உட்புறத்தில் விரலை வையுங்கள். பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டித் துடிக்கலாம்; சின்ன நாய்க்கு 140. துடிப்பு ஒரே சீராக இல்லையே என்று பதற வேண்டாம். மூச்சை இழுக்கும்போது விரைந்து, விடும்போது தளர்வது ஆரோக்கியமான நாய்களில் சகஜம்.

பூனை வேறு ரகம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையைப் போல, நிஜப் பூனையும் உள்ளே இருப்பதை வெளியே காட்டாது. நோவு வந்தால் மூலையில் பதுங்கும். அதனால் எண்கள்தான் பேச வேண்டும்: நாடி 140 முதல் 220, தூக்கத்தில் மூச்சு 30-க்குள். வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனையை, நாய் இரைப்பதுபோலத்தானே என்று விட்டுவிடக் கூடாது. அது பெரும்பாலும் அவசர நிலை.

மாட்டாஸ்பத்திரி மேசையில் பயந்த பூனையின் இதயம் தாறுமாறாக ஓடும். அங்கே எடுக்கும் எண்ணில் எது நோய், எது பயம் என்று பிரிப்பது மருத்துவருக்கே சிரமம். நன்றாக இருக்கும் நாளில், வீட்டில் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். நோய் வந்த நாளில் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு வரி இருக்கும்.