சீதை காத்திருந்த மலையும் ஓர் ஓவியப் படமும்

நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் பாதையில், ஹக்கலையை அடையுமுன், ஓடையோரத்தில் சீதையம்மன் ஆலயம் காட்சி தருகின்றது. சிறையிருந்த சீதாபிராட்டி நீராடிய இடம் இதுவே என்பது ஐதீகம். ஓடைப் பாறையிலுள்ள குழிகளை அநுமன் பாதச் சுவடுகள் எனக் காட்டுவர். இராமகாதையைக் காலடியிலேயே கொண்டுள்ள மலையக மக்களுக்கு, அக்கதையைக் கூறும் படமொன்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை சற்று அதிகமாகவே உண்டு எனலாம்.

நாம் குறிப்பிடும் படம், 1992-ஆம் ஆண்டில் ஜப்பானியரும் இந்தியரும் கூடி உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்னும் கார்ட்டூன் சித்திரமாகும். 1983-இல் இந்திய அகழ்வாராய்ச்சி பற்றிச் செய்திப் படம் எடுக்க வந்த யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர், இக்காவியத்தில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். அவரோடு கொய்ச்சி சசாக்கியும் ராம் மோகனும் நெறியாளராக அமைந்தனர். கையால் தீட்டிய ஏறத்தாழ ஓர் இலட்சம் சித்திரங்கள் இதில் உயிர் பெற்று அசைகின்றன. 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தபோது, படம் தமிழிலும் பேசியது.

இதன் சிறப்பு யாது? மனித நடிகர் காட்ட இயலாததைத் தூரிகை காட்டுகின்றது. கும்பகர்ணனின் பேருருவமும் அநுமன் கடல் தாண்டும் வேகமும் சிறுவரை மட்டுமன்றிப் பெரியோரையும் வியக்க வைக்கும். பிற நாட்டார் கை வைத்த போதிலும் கதையின் கண்ணியம் குன்றவில்லை.

குறையும் இல்லாமலில்லை. வால்மீகியின் இருபத்துநாலாயிரம் சுலோகங்களை 135 நிமிடங்களில் அடக்க முயன்றதால், படம் வீரனின் பின்னாலேயே ஓடுகின்றது. அசோகவனத்தில் சீதை கழித்த மாதங்கள் சில நிமிடங்களில் கடந்து விடுகின்றன. கல் சுமந்து அணை கட்டியோர் பெயரற்ற கூட்டமாகவே நிற்கின்றனர். வில்லை வளைப்பது வீரமெனில், காத்திருப்பதும் சுமப்பதும் வீரமல்லவா?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறிய நம் முன்னோர், முதலில் கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கினர். வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்கள் பெயரை எந்தக் காவியமும் பாடவில்லை. 2023-இல், மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தமை, அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்த்தது எனலாம்.

ஆகவே, பெற்றோர் இப்படத்தைப் பிள்ளைகளுக்குத் தயங்காது காட்டலாம். ஆனால் படம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டாம். சீதை காத்திருந்த கதையையும், தம் பாட்டனும் பாட்டியும் மலையேறிய கதையையும் அன்றிரவே அவர்களுக்குக் கூறுதல் நலம். ஓவியர் தீட்டாது விட்டதைத் தீட்ட வேண்டியவர்கள் நாமே.