பரணில் இருக்கும் கிதாபு முதற் பதிப்புதானா?

சில ஆண்டுகளுக்கு முன், காயல்பட்டினத்தில் ஒரு வீட்டார் ஆள் அனுப்பி என்னை அழைத்தனர். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறார்கள். பரணிலிருந்து இறக்கிய இரண்டு சாக்குக் கிதாபுகளை அதபோடு மண்ணில் அடக்க வேண்டும். ஓதியவர் ஒருவர் உடனிருந்தால் நல்லது என்றனர். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு சாக்கு குழிக்குள் போய்விட்டது. மற்றதைப் பிரித்துப் பார்த்தேன். சிதைந்த முஸ்ஹபுத் தாள்களோடு அரபுத்தமிழ்க் கிதாபுகளும் கொழும்பில் அச்சான தமிழ் நூல்களும் கலந்து கிடந்தன. முதற் சாக்கில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

மேனாட்டார் கதைப் புத்தகத்திற்குக்கூட முதற் பதிப்பைத் தேடி அலைகின்றனர். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘கால இயந்திரம்’ என்னும் விஞ்ஞானப் புதினம் 1895இல் வெளிவந்தபோது, அமெரிக்கப் பதிப்பின் முகப்பில் அவர் பெயர் ‘எச்.எஸ். வெல்ஸ்’ என்று பிழையாக அச்சாயிற்று. அப்பிழையே இன்று அப்பிரதிக்கு அடையாளம், விலையும் அதற்குத்தான்.

நமக்கும் தேடத்தக்கவை உண்டு. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏடுகளிலேயே வாழ்ந்து, 1842இல்தான் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமின் முயற்சியால் அச்சேறியது. கண்டியில் பிறந்த சித்தி லெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திற்கு (1879) ஆறே ஆண்டுகள் பிந்தியது அது! கொழும்போடு தோணி ஓட்டிய இக்கரையின் வீடுகளில் அத்தகைய நூல் கிடப்பது வியப்பன்று.

எப்படி அறிவது? முதலில் முகப்புத் தாள். அது கிழிந்திருந்தால் மனந்தளர வேண்டாம். அரபுத்தமிழ்க் கிதாபுகளில் அச்சுக்கூடமும் ஆண்டும் பெரும்பாலும் இறுதிப் பக்கத்தில் இருக்கும். ஆண்டு ஹிஜ்ரியானால், நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து 622 கூட்டுக. 1302 என்றால், 39 போக 1263, கூட்டினால் 1885. ஓராண்டு முன்பின் ஆகலாம். பார்த்திப வருடம் என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வரும். 1885இலும் பார்த்திப, 1945இலும் பார்த்திப.

அடுத்து விலை. அணாக் கணக்கு இந்தியாவில் 1957 ஏப்ரலோடு முடிந்தது. இலங்கையிலோ 1872 முதலே ரூபாயும் சதமும்தான். ஆகவே சதத்தில் விலை கண்டதும் ‘இது புதிது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. எழுத்தையும் நோக்குக. ணை, லை, னை ஆகியவற்றைத் துதிக்கையோடு எழுதிய பழைய வடிவம், 1978ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின்னரே தமிழகத்தில் பரவலாக மாறியது. முகப்பில் 1885 என்றிருந்து உள்ளே இன்றைய எழுத்து இருந்தால் அது மறுபதிப்பே. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்கு முந்தியதாகாது.

பழைய முகப்பைப் படமெடுத்து அப்படியே அச்சிடும் நூல்கள்தாம் ஏமாற்றும். தாளின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுந்திய தடம் பெரும்பாலும் தட்டுப்படும். ஆனால் கல்லச்சில் வந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளில் இச்சோதனை செல்லாது. கல்லச்சு தாளை அழுத்துவதில்லை. இதை அறியாமல் நானே ஒரு நல்ல பிரதியைப் போலி என்று சொல்லி வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஐயம் நீங்காவிடில் அரசுப் பதிவேடு இருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் பதிவான நூல்களின் பட்டியலில் எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பனவெல்லாம் குறிக்கப்பட்டன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய தமிழ் நூல்களைப் பேணி வருகிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முஸ்ஹபுத் தாள்களைத் தனியே பிரித்து அடக்குங்கள். மற்றவற்றை, அறிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

அந்த இரண்டாம் சாக்கில் பதினொரு நூல்கள் தேறின. பத்துக்கு ஆண்டு கண்டுவிட்டோம். முதலும் கடைசியும் இல்லாத ஒன்று, இன்னும் பெயர் தெரியாமல் அவ்வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது.