சந்தியாகோ பாதையின் மஞ்சள் சிப்பி

நீலப் பின்னணியில் ஒரு மஞ்சள் சிப்பி: சந்தியாகோ யாத்திரைப் பாதையின் சின்னம் இதுவே. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனித யாக்கோபின் கல்லறை, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. பிரான்ஸ், போர்ச்சுக்கல் எனப் பல நாடுகளிலிருந்து பாதைகள் அங்கே வந்து சேர்கின்றன. 1987-இல் ஐரோப்பிய அவை இவற்றை முதல் ஐரோப்பியப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. இப்போதைய சின்னம் அந்த அறிவிப்பை ஒட்டி உருவானது.

சிப்பி மட்டும் மிகப் பழையது. சந்தியாகோ அமைந்துள்ள கலீசியப் பகுதியின் கடற்கரையில் கிடைக்கும் விசிறி வடிவச் சிப்பியை 12-ஆம் நூற்றாண்டிலேயே பேராலய வாசலில் விற்றார்கள். யாத்திரிகர்கள் அதைத் தொப்பியிலோ மேலாடையிலோ தைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சிலர் இறந்தபோது சிப்பியும் கூடவே புதைக்கப்பட்டது. ஐரோப்பாவின் பல இடைக்காலக் கல்லறைகளில் அது அகழாய்வில் கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் விற்பவர்களைச் சபைநீக்கம் செய்யுமளவுக்கு அந்த விற்பனையைத் திருச்சபை கட்டிக்காத்தது.

அதே நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட காலிக்ஸ்தீன் சுவடியிலுள்ள ஒரு மறையுரை சிப்பிக்குப் பொருள் சொல்கிறது. அதன்படி இரண்டு ஓடுகளும் இறையன்பு, பிறரன்பு என்னும் இரு கட்டளைகள். ஓட்டின் வரிகள் கைவிரல்கள். நற்செயலுக்கு நீளும் கை அது.

புதிய சின்னத்தில் அந்த வரிகள் பாதைகளாகின்றன. வெவ்வேறு திசைகளில் கிளம்பி ஒரே புள்ளியில் கூடுகின்றன. நீலமும் மஞ்சளும் 1955-இல் ஐரோப்பிய அவை ஏற்ற கொடியின் நிறங்கள். புனித யாக்கோபுக்குச் செந்நிற வாள் வடிவச் சிலுவை என்ற இன்னோர் அடையாளமும் உண்டு. அது சந்தியாகோ போர்வீரர் சபைக்கு உரியது. பல நாட்டவரும் பல சமயத்தவரும் நடக்கும் பாதைக்கு வாளைவிடச் சிப்பியே தகுதியானது.

ஆனால் வழிகாட்டும் குறியாக அதில் ஒரு சிக்கல் உண்டு. அஸ்தூரியாஸ் பகுதியின் பாதைக் கற்களில் வரிகள் கூடும் முனையே போகவேண்டிய திசை. கலீசியாவுக்குள் நுழைந்தால் விரிந்த பக்கமே திசை என்பது வழக்கம். ஓ செப்ரேரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞா 1984-இல் பாதை நெடுக மஞ்சள் அம்புக்குறிகளை வரையத் தொடங்கினார். முதன்முறை நடப்பவர்கள் திசைக்கு அந்த அம்புக்குறியையே நம்பலாம்.